இசைப் பாட நேரத்தைப் பெற்றோர் கூட்டத்தில் எப்படிக் கேட்பது?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பிறை நகரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். கால அட்டவணையில் இசைக்கல்வி இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் பெரும்பாலும் கணிதப் பயிற்சிதான் நடக்கிறதாம். வாங்கிக் கொடுத்த ரெக்கார்டர் என்ற ஊதுகுழல் உறையைவிட்டு வெளியே வந்ததே குறைவு. அடுத்த மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம். “எழுந்து பேசலாமா? இசை படித்தால் கணக்கு நன்றாக வரும் என்று ஆய்வுகள் சொல்வதாகக் கேள்விப்பட்டேன், அதைச் சொல்லட்டுமா?” என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, கட்டாயம் பேசுங்கள். ஆனால் கணக்கு வரும் என்ற வாதத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இசைக்காகப் பேச வருகிற பெற்றோர் முதலில் கையில் எடுப்பதும் அந்த வாதம்தான், கூட்டத்தில் முதலில் உடைவதும் அதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் யாராவது ஒருவர் எழுந்து எதிர்க்கேள்வி கேட்டால் நீங்கள் தடுமாறக் கூடாது.

மொசார்ட் கேட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்ற பேச்சு 1993-இல் கிளம்பியது. ஃபிரான்சிஸ் ராஷரும் அவருடைய சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் ஒரே பக்கத்தில் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். மொசார்ட்டின் ஒரு பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், வடிவங்களை மனத்துக்குள் மடித்துத் திருப்பிப் பார்க்கும் ஒரு சோதனையில் அவர்கள் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்த விளைவு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது. அதில் குழந்தைகள் யாரும் இல்லை. யாரும் இசை கற்கவும் இல்லை, கேட்டார்கள், அவ்வளவுதான். அதைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. 1998-இல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்குப் போனது.

அதற்குப் பிறகு ஒழுங்கான ஆய்வுகளும் வந்தன. கனடாவில் கிளென் ஷெல்லன்பெர்க் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒன்றுக்குப் பாட்டு, ஒன்றுக்கு நாடகம், நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓராண்டு கழித்து எல்லாருடைய அறிவுத்திறன் மதிப்பெண்ணும் கூடியிருந்தது. இசைக் குழுக்களுக்குச் சராசரியாக 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4.3. வேறுபாடு மூன்று புள்ளிகூட இல்லை. 2004-இல் வந்த இந்த ஆய்வைத்தான் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் 2020-இல் ஜியோவான்னி சாலாவும் ஃபெர்னான்ட் கோபேயும் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ ஏழாயிரம் பிள்ளைகளின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வு எவ்வளவு கறாராக நடத்தப்பட்டதோ அவ்வளவுக்கு அந்தப் பலன் சுருங்கி, கடைசியில் ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்தது. இசை வகுப்பில் இருக்கும் மாணவர்கள் மற்றப் பாடங்களிலும் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று காட்டும் பெரிய ஆய்வுகளும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்து 2019-இல் ஒன்று வெளிவந்தது. ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளை இசைக்குப் போகிறதா, இசைக்குப் போனதால் நன்றாகப் படிக்கிறதா என்பதை அந்த வகை ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஆய்வு பலவீனமாக இருப்பது ஒரு பக்கம். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. “கணக்குக்காக இசை வேண்டும்” என்று நீங்கள் சொன்ன மறுகணம், “அப்படியானால் அந்த அரை மணி நேரத்தில் கணக்கையே நடத்திவிடுகிறோமே” என்று தலைமையாசிரியர் சொல்லலாம். அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும். அறிவியலுக்கு நேரம் கேட்கும்போது அது கணக்குக்கு உதவும் என்று யாரும் காரணம் சொல்வதில்லை. இசையையும் அதே நிமிர்வோடு கேளுங்கள்.

நிமிர்ந்து கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. இசை நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்துக்குள் வந்தது நேற்றல்ல. 1983-இல் நாடு முழுக்கத் தொடங்கிய கேபிஎஸ்ஆர் என்ற தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது. 2011-இல் அதற்குப் பதிலாகக் கேஎஸ்எஸ்ஆர் பாடத்திட்டம் வந்தபோதும் அந்த இடம் போகவில்லை. பாடுதல், தாளக்கருவி வாசித்தல், இசைக்கேற்ப அசைதல், ரெக்கார்டர், சொந்தமாக ஒன்றை உருவாக்குதல், பிறர் வாசிப்பதைக் கேட்டு ரசித்தல் என்று என்னென்ன கற்பிக்க வேண்டும் என்பது கல்வியமைச்சின் டிஎஸ்கேபி என்ற பாடத்தர ஆவணத்தில் எழுத்தில் இருக்கிறது. ஆகவே நீங்கள் புதிதாக எதையும் கேட்கப் போவதில்லை. ஏற்கெனவே பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்ட நேரம் பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும் என்கிறீர்கள். பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள்.

யுபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு இருந்த காலத்தில், ஆறாம் ஆண்டு மாணவர்களின் இசை நேரமும் ஓவிய நேரமும் பயிற்சித் தாள்களுக்குப் போவது பல பள்ளிகளில் வழக்கமாகவே இருந்தது. ஏழு ‘ஏ’ எட்டு ‘ஏ’ என்று பதாகை கட்டிய காலம் அது. ஆசிரியர்களைக் குறை சொல்லி என்ன செய்வது, பெற்றோராகிய நாமும்தான் அதைக் கேட்டோம். 2021-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் பல இடங்களில் இன்னும் விடவில்லை, கீழ் வகுப்புகளுக்கும் பரவியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் புரிந்துகொண்டு பேசினால் உங்கள் குரலில் கோபம் இருக்காது. இசையை முதன்மைப் பாடமாக எடுத்து ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த ஆசிரியர் எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லை. ஆசிரியர்கள் குறைவாக உள்ள சிறிய பள்ளிகளில் நிலைமை இன்னும் மோசம். தமிழோ கணிதமோ கற்பிக்கும் ஒருவருக்கு வாராந்தரப் பாடவேளைக் கணக்கைச் சரிசெய்ய இசையைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அவருக்கு ரெக்கார்டரில் விரல் வைக்கத் தெரியாது. வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஊதினால் எப்படி இருக்கும் என்பது அடுத்த வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும். தமக்குத் தெரிந்த பாடத்தை நடத்துவோம் என்று அவர் முடிவெடுப்பது சோம்பலால் அல்ல. அதனால் கூட்டத்தில் “ஏன் நடத்தவில்லை?” என்று கேட்காதீர்கள். “நடத்துவதற்கு என்ன வேண்டும்? நாங்கள் எதைக் கொண்டுவரட்டும்?” என்று கேளுங்கள்.

அடுத்து, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பெற்றோரிடம் சொல்ல வேண்டியது. “இசை வேண்டுமென்றால் வெளியில் வகுப்புக்கு அனுப்பலாமே” என்று ஒருவராவது சொல்வார். அனுப்ப முடிந்தவர்கள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நல்ல இடங்கள் இருக்கின்றன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும், 1981-இல் தொடங்கிய நுண்கலைக் கோயில் என்ற கலைப்பள்ளி எத்தனையோ பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டும் வீணையும் மிருதங்கமும் கொடுத்திருக்கிறது. லண்டன் ஏபிஆர்எஸ்எம் அமைப்பின் இசைத் தேர்வுகள் இந்த நாட்டில் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. பியானோ, வயலின் என்று கிரேடு ஒன்றிலிருந்து எட்டு வரை ஏறுகிற பிள்ளைகள் நம் சமூகத்திலும் உண்டு. ஆனால் மாதக் கட்டணம், தேர்வுக் கட்டணம், வீட்டில் ஒரு கருவி, வாரந்தோறும் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர ஒரு பெரியவர் என்று எல்லாம் அமைந்தால்தான் அது நடக்கும். தொழிற்சாலையில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைக்கு, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்கு, பள்ளியில் கிடைக்காத இசை வேறெங்கும் கிடைக்காது. நம் தமிழ்ப்பள்ளிகளில் அந்தப் பிள்ளைகள்தான் அதிகம். கட்டணமில்லாமல், வடிகட்டாமல், எல்லாப் பிள்ளைக்கும் இசை கொடுக்கக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடம். இசைக்காக நான் சொல்லும் எல்லா வாதங்களிலும் எனக்கு மிக முக்கியமானது இதுதான். மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

“சரி, கொடுத்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்பார்கள். மதிப்பெண்ணைத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியும். வேறு எந்தப் பாடத்திலும் பிள்ளை தனக்குத் தனக்கென்று வேலை செய்கிறது. பக்கத்துப் பிள்ளை தப்பாக எழுதினால் இதற்கு ஒன்றும் ஆகாது. சேர்ந்து வாசிக்கும்போது அப்படியில்லை. முந்திக்கொண்டு அடித்தால் எல்லாருக்கும் கெடும், பிந்தினாலும் கெடும். தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு அடுத்தவரைக் கேட்டால்தான் தன் இடம் தெரியும். இதைச் சொல்லில் விளக்கிப் புரியவைக்க முடியாது, வாசித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஜெர்மனியில் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டொமசெல்லோவும் நான்கு வயதுக் குழந்தைகளை இருவர் இருவராகப் பாடி விளையாட வைத்துப் பார்த்தார்கள். பாட்டில்லாமல் அதே விளையாட்டை விளையாடிய குழந்தைகளைவிட, பாடி விளையாடியவர்கள் பிறகு ஒருவருக்கொருவர் கூடுதலாக உதவினார்கள். 2010-இல் வந்த ஆய்வு இது. இசை வகுப்பு எடுத்த எந்த ஆசிரியருக்கும் இதில் வியப்பு இருக்காது.

இன்னொன்று, இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்கு, சிலர் அதற்கு முன் மலாய் மொழிக்குத் தயார்படுத்தும் புகுமுக வகுப்புக்குப் போகிறார்கள். புதுக் கட்டடம், புது முகங்கள், நாள் முழுக்க மலாய். வகுப்பில் வாய் திறக்கவே தயங்கும் அந்த முதல் மாதங்களில் பள்ளியின் பேண்ட் குழுவில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்தால் அதன் மதிப்பைச் சொல்லி முடியாது. அங்கே மொழி இரண்டாம் பட்சம். தாளம் பிடிக்கத் தெரிந்தவன் முதல் நாளே குழுவில் ஒருவன் ஆகிவிடுகிறான், மலாய்ப் பிள்ளைகளோடும் சீனப் பிள்ளைகளோடும் தோளுரசி நிற்கிறான். ரெக்கார்டரில் சுரம் பார்த்து ஊதத் தெரிந்த பிள்ளைக்குக் கிளாரினெட் பயமாக இருக்காது. புறப்பாட நடவடிக்கைக்கான மதிப்பீடு பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பத்து விழுக்காடு என்பதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சிலர் அதைக் கேட்டால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது உறுமி மேளத்துக்கு வருகிறேன். மலேசியத் தமிழர் இசைக்கல்வி பற்றிப் பேசும்போது அதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நின்று பாருங்கள். காவடிக்கு முன்னால் உறுமி மேளம் அடித்துக்கொண்டு போகும் பையன்கள் பலருக்கும் பதினைந்து பதினாறு வயது. தாள நடை மாறும்போது யாரும் கையசைப்பதில்லை, ஒருவரும் தாளை வைத்துக்கொண்டு பார்ப்பதில்லை, எல்லாரும் ஒன்றாக மாறுகிறார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியின் அந்த முனகலை எடுப்பது எளிதன்று. மாதக் கணக்கில் பயிற்சி வேண்டும். அந்தப் பையன்களில் பலரைப் பற்றிப் பள்ளி அறிக்கைகளில் “கவனக் குறைவு”, “பின்தங்கிய மாணவர்” என்று எழுதியிருக்கும். என் வகுப்பில் ஒருவன் இருந்தான். வாசிப்பில் தடுமாறுவான், கரும்பலகையைப் பார்க்கமாட்டான். தாள நேரத்தில் மேசையில் விரலால் அவன் போட்ட நடையை என்னால் ஒருமுறை கேட்டுத் திருப்பிச் செய்ய முடியவில்லை. மெதுவாக்கி இரண்டாம் முறை காட்டச் சொன்னேன். அன்றுதான் அந்த வகுப்பில் அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

உறுமிக் குழு என்றாலே சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். கெட்ட சேர்க்கை, இரவு வீட்டுக்கு வருவதில்லை, படிப்பு கெடுகிறது என்று. அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது கருவியால் வந்ததல்ல, மேற்பார்வை இல்லாததால் வந்தது. பள்ளி மண்டபத்தில், மாலை மூன்று மணிக்கு, ஓர் ஆசிரியர் கண்முன்னால் நடந்தால் அதே உறுமி பாடமாகிவிடும்.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. சீனப் பள்ளிகளில் 24 முரசுகளை வரிசையாக வைத்து மாணவர்கள் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சீனாவிலிருந்து அப்படியே வந்த பழைய கலை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1988-இல் ஜொகூர் பாருவில் தான் சாய் புவான், தான் ஹூய் சோங் என்ற இருவர் உருவாக்கியது அது. சிங்க நடனத்துக்கு அடிக்கும் முரசை எடுத்தார்கள். சீன வேளாண் நாட்காட்டியின் 24 பருவங்களின் பெயர்களை ஒவ்வொரு முரசிலும் தூரிகையால் எழுதினார்கள். பூன் யூ உயர்நிலைப்பள்ளியில் முதல் குழு அமைந்தது. அங்கிருந்து நாடெங்கும் சீனப் பள்ளிகளுக்குப் பரவி, 2009-இல் தேசிய மரபுச் செல்வமாகவும் அறிவிக்கப்பட்டது. தெருவிலும் கோயிலிலும் இருந்த முரசு பள்ளிக்குள் வந்தபின் ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது. நம்மிடம் உறுமி இருக்கிறது, தப்பு என்ற பறை இருக்கிறது, அடிக்கத் துடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோயில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆள் வரவழைக்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. பள்ளி வயதில் கருவியைத் தொடாத பிள்ளைகளிலிருந்து இருபது வயதில் ஒரு தவில்காரர் எப்படிக் கிடைப்பார்?

பணமில்லை, கருவியில்லை என்பார்கள். முதல் ஆறு மாதத்துக்குக் கருவியே தேவையில்லை. கையும் வாயும் போதும். இதைச் செய்து காட்டும் அளவுக்கு நீங்களே தெரிந்துகொள்ளலாம், ஆகையால் விளக்குகிறேன்.

பிள்ளைகளை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். எல்லாரும் ஒரே வேகத்தில் தொடையில் தட்டட்டும். ஒரு பாதி ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அசையாக “தகதிமி, தகதிமி” என்று சொல்லட்டும். இது நான்கு நான்காகப் போகும், சதுச்ர நடை. மறு பாதி அதே தட்டில் “தகிட, தகிட” என்று சொல்லட்டும். இது மூன்று மூன்றாகப் போகும், திச்ரம். இரண்டும் ஒன்றாகத் தொடங்கும், உடனே பிரிந்துவிடும். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும், சிலர் எதிர்ப்பக்கத்துக்குத் தாவிவிடுவார்கள். விடாமல் தொடர்ந்தால் மூன்று தகதிமியும் நான்கு தகிடவும் முடிந்த இடத்தில், அதாவது பன்னிரண்டு தட்டு கழிந்து, இரு பக்கமும் ஒரே ‘த’வில் வந்து விழும். அந்த நொடியில் வகுப்பு முழுவதும் கத்தும். இதற்குப் பிறகு ‘தகதகிட’ என்று ஐந்தைக் கொண்டுவரலாம், கண்டம். நான்கோடு அது இருபதாவது தட்டு கழிந்து சேரும். ஏழுக்கு மிச்ரம், ஒன்பதுக்குச் சங்கீர்ணம். இந்த ஐந்து வகைக் கணக்கை ஏழு தாளங்களோடு பெருக்கித்தான் கர்நாடக இசையில் 35 தாளம் என்கிறோம். பொது மடங்கு என்ற சொல்லைச் சொல்லாமலே பிள்ளை பொது மடங்கைக் காதால் கண்டுபிடிக்கிறது. இதை நான் இசை என்பதற்காகத்தான் செய்யச் சொல்கிறேன். கணித ஆசிரியருக்கு அது பயன்பட்டால் அவருக்கும் மகிழ்ச்சி.

ரெக்கார்டருக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிளாஸ்டிக் ரெக்கார்டர் இருபது முப்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும், ஏற்கெனவே வாங்கியும் விட்டீர்கள். இடக்கையின் கட்டைவிரலாலும் அடுத்த மூன்று விரல்களாலும் பி, ஏ, ஜி என்ற மூன்று சுரங்களை எடுப்பதுதான் முதல் பாடம். அந்த மூன்றை வைத்தே ஒரு மெட்டு ஊதலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் ஊதாமல் ஐந்து பேர் ஊத, மற்றவர் விரல் மட்டும் வைத்து வாயால் சுரம் பாடினால் சத்தமும் அடங்கும், காதும் பழகும். ரெக்கார்டர் பற்றிய பாதிப் புகார் இந்த ஒன்றில் தீரும்.

பாட்டுக்குத் தமிழ்ப்பாட நேரத்தையே துணைக்கு அழைக்கலாம். செய்யுள் பகுதியில் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, திருக்குறள் எல்லாம் மனனம் செய்யத்தானே சொல்கிறார்கள். அவற்றைத் தாளத்தில் பாட வைத்தால் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்பது பிள்ளையின் கைக்கு வந்துவிடும். கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்துக்கும் தமிழில் பெயர் வைத்திருந்தவர்கள் நாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு இசையைக் கற்பிக்க எத்தனை பேருடைய உழைப்பு வேண்டும் என்பதை அவ்வளவு பழைய நூல் அறிந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளி இசையைக் கைவிடும்போது நம் மொழியின் ஒரு பாதியையும் சேர்த்துக் கைவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

ஒரு கவனம் தேவை. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பண்ணோடு தேவாரம் பாடுகிறார்கள். அது பெரிய தொண்டு. ஆனால் பள்ளியின் இசைக்கல்வி நேரம் எல்லாப் பிள்ளைக்கும் உரியது. கிறிஸ்துவப் பிள்ளைகளும் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அவர்களை ஓரத்தில் உட்காரவைக்கும் பாட்டாக அது இருக்கக் கூடாது. தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்கள் பாடிய பாட்டுகள் என்று எல்லாருக்கும் பொதுவானவை ஏராளம் இருக்கின்றன. “வீட்டில் பாட்டியிடம் ஒரு பாட்டுக் கேட்டுப் பதிவுசெய்து வா” என்று வீட்டுப்பாடம் கொடுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். கைப்பேசி அதற்காவது பயன்படட்டும்.

கூட்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு வருவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளி நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்பது சங்கத்தின் விதி. கால அட்டவணையை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டால் தலைவர் அதைச் சொல்லியே நிறுத்திவிடலாம். ஆதரவு கொடுப்பதாகத் தீர்மானம் எழுதுங்கள். “இசைக்கல்வி நேரம் முழுமையாக நடைபெறத் தேவையான கருவி, வெளிப் பயிற்றுநர், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்குச் சங்கம் துணை நிற்கும்” என்பது போல இருந்தால் யாராலும் மறுக்க முடியாது. கூட்ட அறிவிப்பில் தீர்மானம் அனுப்பக் கடைசித் தேதி போட்டிருப்பார்கள், அதற்குமுன் எழுத்தில் கொடுங்கள். கையெழுத்துப் போட இன்னும் இரண்டு மூன்று பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் அப்பாவாக இருந்தால் நல்லது. அம்மாக்கள் கேட்டால் “கலை நிகழ்ச்சி ஆசை” என்று ஒதுக்கிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தலைமையாசிரியரைத் தனியாகப் பாருங்கள். இது மிக முக்கியம். எல்லார் முன்னாலும் முதன்முறையாகக் கேட்டால் எந்த மனிதரும் தற்காப்புக்குத்தான் போவார். பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைப் பணிவோடு கேளுங்கள். வகுப்புசார் மதிப்பீட்டு அறிக்கையில் இசைக்கல்விக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை அடைவுநிலை போடுகிறார்கள். “ஐயா, என் மகனுக்கு நான்காம் நிலை போட்டிருக்கிறது. எந்த நடவடிக்கையைப் பார்த்துப் போட்டார்கள் என்று தெரிந்தால் வீட்டில் நான் உதவ முடியும்.” இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் வகுப்பே நடக்காமல் நிலை மட்டும் போட்டிருந்தால் அவருக்குப் புரிந்துவிடும். நல்ல தலைமையாசிரியர் அங்கேயே ஒரு வழி யோசிப்பார்.

அவர் சொல்லக்கூடிய வழிகளில் ஒன்று, வகுப்புகளை மாற்றிக்கொள்வது. இசை தெரிந்த ஓர் ஆசிரியர் பள்ளியில் இருந்தால் இரண்டு மூன்று வகுப்புகளின் இசை நேரத்தை அவரிடம் கொடுத்து, அவருடைய வேறு பாடத்தை மற்றவர் எடுக்கலாம். செலவே இல்லாதது இது. இன்னொன்று, வெளியிலிருந்து பயிற்றுநரை அழைப்பது. இதற்கு மாவட்டக் கல்வி இலாகாவுக்குத் தெரியப்படுத்த வேண்டும், ஆசிரியர் ஒருவர் வகுப்பில் உடனிருக்க வேண்டும், அதனால் புறப்பாட நேரத்துக்கு இது பொருந்தும், பாட நேரத்துக்குச் சிரமம். பள்ளி வாரியமும் முன்னாள் மாணவர் சங்கமும் இருந்தால் கருவிகளுக்கு அவர்களைக் கேளுங்கள். கருவி வாங்கும்போது ஒரே ஒரு மின் கீபோர்டு வாங்கி மேடையில் வைக்காமல், வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளை கையிலும் ஏதாவது ஒன்று இருக்கும்படி சிறிய தாளக்கருவிகளாக வாங்கச் சொல்லுங்கள். பூட்டிய அலமாரியில் தூங்கும் கீபோர்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தீர்மானம் நிறைவேறினால் உடனே ஆசிரியர் தினத்துக்கு ஒரு நிகழ்ச்சி என்று இறங்கிவிடுவார்கள். அதைக் கொஞ்சம் தடுங்கள். நிகழ்ச்சி என்றால் நன்றாகப் பாடும் எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து இரண்டு மாதம் அதையே பழக்குவார்கள், மற்ற இருபது பேர் மறுபடியும் கணக்குத் தாளோடு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பதிலாக, பருவத்துக்கு ஒருமுறை பெற்றோர் வந்து வகுப்பறையிலேயே ஒரு பாடத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். எல்லாப் பிள்ளையும் பாடும், சிலர் சுருதி விலகுவார்கள், அது பரவாயில்லை. அந்த அரை மணி நேரம் வாராவாரம் நடக்கிறதா என்பதை நிகழ்ச்சி காட்டாது, இது காட்டிவிடும்.

உங்கள் மகனிடம் இன்றைக்கே அந்த ரெக்கார்டரை எடுத்துக் கழுவச் சொல்லுங்கள். வாய்ப்பகுதியைக் கழற்றி வெந்நீரில் இல்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். தீர்மானத்தின் வாசகத்தை முன்கூட்டியே அனுப்பினால் நானும் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.